செட்டிநாட்டில் இளவட்டம் எந்தத் தெருவில்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எனக்கு வங்கி வேலை, வயது 29. சென்னையிலிருந்து பள்ளத்தூர்ப் பக்கம் மாற்றல் வந்திருக்கிறது. கணவருக்கு வீட்டிலிருந்தே கணினி வேலை. ‘அங்கே பாதித் தெரு பூட்டிக் கிடக்கும், மீதித் தெருவில் ஆச்சிகள்தான் இருப்பார்கள்’ என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். எங்கள் வயதுக்காரர்கள் நாலு பேர் இருக்கும் இடமே கிடைக்காதா?
– வாசகி, வேளச்சேரி

பதில்: பயமுறுத்தியவர்கள் சொன்னது பொய்யில்லை. ஆனால் அவர்கள் பார்த்திருப்பது நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீதிகளை மட்டும். அங்கே ஒரு வீட்டின் முகப்பு ஒரு தெருவில் இருக்கும், பின்கட்டு வாசல் அடுத்த தெருவில் திறக்கும். நீளமான தெருவிலும் வாசல்கள் விரல்விட்டு எண்ணும்படிதான் இருக்கும். அந்த ஒவ்வொரு வீட்டிலும் பல புள்ளிகளுக்கு, அதாவது குடும்பங்களுக்கு, பங்கு உண்டு. பங்காளிகள் சென்னை, கோவை, சிங்கப்பூர், மலேசியா என்று இருப்பார்கள். வீட்டைப் பார்த்துக்கொள்ள வயதான தம்பதியோ வேலையாளோ இருப்பார். வாசல் குறைந்தால் ஆள் குறையும். ஆள் குறைந்த இடத்தில் கடை நிற்காது, சாயங்காலம் பந்து அடிக்கப் பிள்ளைகளும் சேராது. பள்ளத்தூர், கானாடுகாத்தான், நேமத்தான்பட்டி எல்லாவற்றிலும் பழைய வீதிகள் இப்படித்தான்.

இளவட்டம் கல்விக்கூடங்களை ஒட்டி இருக்கிறது. காரைக்குடியில் 1947-இல் அழகப்பா கலைக் கல்லூரி, 1952-இல் பொறியியல் கல்லூரி, 1953-இல் மத்திய மின்வேதியியல் ஆய்வகம், 1985-இல் அழகப்பா பல்கலைக்கழகம், 2022-இல் அரசு சட்டக் கல்லூரி என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அங்கே படிப்பவர்கள், ஆய்வு செய்பவர்கள், வேலை பார்ப்பவர்கள், அவர்களை நம்பிக் கடை வைத்தவர்கள் எல்லோரும் காரைக்குடிக்குள்தான் வாடகைக்கு இருக்கிறார்கள். ஆகவே வேலை பள்ளத்தூரில் இருந்தாலும் வீட்டைக் காரைக்குடியில் பாருங்கள். வண்டியில் அரை மணிக்குள் போய்விடலாம். காலையில் கூட்டம் ஊருக்குள் வரும் நேரத்தில் நீங்கள் வெளியே போவீர்கள் என்பது கூடுதல் சௌகரியம்.

ஒன்றைக் கவனியுங்கள். மாணவர் தெரு வேறு, இளம் குடும்பத் தெரு வேறு. மெஸ், ஜெராக்ஸ் கடை, விடுதிப் பலகை என்று வரிசையாக இருந்தால் அது மாணவர் தெரு. செமஸ்டர் விடுமுறையில் காலியாகிவிடும், மெஸ்ஸும் பூட்டப்படும். நடுராத்திரியில் பைக் சத்தம் கேட்கும். ஒரே ஆழ்துளைக் கிணற்றை நம்பி இருபது பேர் இருக்கும் கட்டடத்தில் காலை எட்டு மணிக்குத் தண்ணீர் நின்றுவிடும். உங்களுக்குத் தேவை இரண்டு படுக்கையறைத் தனிவீடுகளும் மாடி போர்ஷன்களும் கலந்த தெரு. சுப்பிரமணியபுரத்தின் வீதிகள், செக்காலை ரோட்டின் உட்தெருக்கள், கழனிவாசல், பர்மா காலனி, சங்கராபுரம் ஆகியவற்றை இதே வரிசையில் பாருங்கள். முதலிரண்டில் கடைகண்ணி கையெட்டும் தூரத்தில் இருக்கும். கடைசி இரண்டில் வீடு புதிதாகவும் விசாலமாகவும் கிடைக்கும். சங்கராபுரம் 2024-இல்தான் மாநகராட்சியோடு சேர்ந்தது என்பதால் புது மனைப்பிரிவுகளில் தெருவிளக்கு, சாக்கடை இரண்டையும் நேரில் பார்த்துவிடுங்கள். காரைக்குடியே வேண்டாம் என்றால் இடைவழியில் கோட்டையூர் இருக்கிறது. அங்கேயும் பழைய வீதிகளைத் தவிர்த்து, பஸ் போகும் சாலையை ஒட்டிய புது வீடுகளைக் கேளுங்கள்.

கேள்வி: நேரில் வர எங்களுக்கு ஒரே ஒரு வாரக் கடைசிதான் கிடைக்கும். ஒரு தெருவில் எந்த வயதுக்காரர்கள் அதிகம் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி உண்டா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: உண்டு, காசும் ஆகாது. வாக்காளர் பட்டியல்தான் அது. தமிழ்நாடு தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் மாவட்டம் சிவகங்கை, தொகுதி 184 காரைக்குடி என்று தேர்ந்தெடுங்கள். தேவகோட்டையும் இதே தொகுதிதான். பட்டியல் பாகம் பாகமாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொரு பாகத்தின் முதல் பக்கத்திலும் அதில் அடங்கும் தெருக்களின் பெயர் இருக்கும். உங்கள் தெருவைக் கண்டுபிடித்து, கதவு எண் வரிசையில் தொடர்ச்சியாக 100 பேரை எடுத்துக்கொள்ளுங்கள். 22 முதல் 40 வயதுவரை எத்தனை பேர், 60-ஐத் தாண்டியவர்கள் எத்தனை பேர் என்று இரண்டே கோடு போட்டு எண்ணுங்கள். இளையவர்கள் மூத்தவர்களைப் போல இரண்டு மடங்காவது இருந்தால் நேரில் போய்ப் பார்க்கலாம். சரிபாதி என்றால் அது ஓய்வுபெற்றவர்களின் தெரு.

செட்டிநாட்டில் இந்தக் கணக்கு இரண்டு விதத்தில் ஏமாற்றும். வெளிநாட்டுக்கும் வெளியூருக்கும் போனவர்கள் பெயரை நீக்காமல் வைத்திருப்பார்கள். ஒரே கதவு எண்ணில் பத்துப் பதினைந்து பெயர் இருந்தால் அது பெரும்பாலும் பங்காளிகளின் பெரிய வீடு. அந்தப் பெயர்களை எண்ணிக்கையிலிருந்து தள்ளிவிடுங்கள். இன்னொரு பக்கம், வாடகைக்கு வந்த இளசுகள் பெயரைச் சொந்த ஊரிலேயே விட்டுவைத்திருப்பார்கள். அதனால் வாடகைத் தெரு பட்டியலில் உள்ளதைவிட இளமையாகவே இருக்கும். 12/1, 12/2, 12/3 என்று கதவு எண் உடைந்து உடைந்து வந்தால் அங்கே போர்ஷன் வாடகை நடக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

நேரில் வரும் நாள் இதைவிட முக்கியம். தை, ஆவணி முகூர்த்த வாரத்தில் வந்தால் எல்லா வீதியிலும் கார், பந்தல், ஓடித் திரியும் குழந்தைகள் என்று திருவிழாவாக இருக்கும். மயங்கி முன்பணம் கொடுத்துவிட்டால் பத்து நாள் கழித்துத் தெரு முழுக்கப் பூட்டுத்தான். பிள்ளையார் நோன்பு, மாசி பங்குனியில் மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் திருவிழா, வைகாசியில் கொப்புடையம்மன் செவ்வாய்த் திருவிழா ஆகிய நாட்களையும் தவிருங்கள். ஆடியில் அல்லது புரட்டாசியில், விசேஷமில்லாத வாரத்தில் வாருங்கள். வாரக் கடைசிதான் முடியும் என்றால் வெள்ளிக்கிழமை மாலையே வந்து சேர்ந்து சனிக்கிழமை காலையையும் பாருங்கள்.

ஒரே தெருவில் காலை ஏழரை முதல் எட்டரை, மாலை ஆறு, இரவு ஒன்பதே கால் என்று மூன்று வேளை நில்லுங்கள். காலையில் பள்ளி வேன் எத்தனை இடத்தில் நிற்கிறது, கொடியில் சீருடை காய்கிறதா, மளிகைக் கடையில் பாக்கெட் மாவு எத்தனை மணிக்குத் தீர்கிறது என்று பாருங்கள். இரவு ஒன்பதே காலுக்குத் திறந்திருக்கும் கடை, இளையவர்கள் புழங்குவதற்கு நல்ல அடையாளம். அந்த நேரத்தில் உணவு டெலிவரி செயலியில் அந்த முகவரியைப் போட்டுப் பாருங்கள், எத்தனை கடைகள் வருகின்றன என்று தெரியும். மருந்துக் கடையில் டயாபர் பாக்கெட் தொங்கும், அது குழந்தைக்கா பெரியவர்களுக்கா என்று பாருங்கள். வேடிக்கையாக இருந்தாலும் இது அநேகமாகத் தப்பாது.

கேள்வி: ஆத்தங்குடித் தளம், பர்மா தேக்குத் தூண் என்று ஆசை. பழைய வீட்டின் ஒரு கட்டை, அதாவது ஒரு பகுதியை, வாடகைக்கு எடுத்து, நண்பர்களோடு சேர்ந்து இருக்கலாமா?
– மூன்று தோழிகள், பெங்களூரு

பதில்: இருக்கலாம். ஆனால் கலகலப்புக்காக என்றால் வேண்டாம். நீங்கள் மூன்று பேரும் உள்ளே கலகலப்பாக இருப்பீர்கள், தெருவில் பேச ஆள் இருக்காது.

ஆசையே வென்றால், முதலில் யார் கையெழுத்துப் போடுகிறார் என்று கேளுங்கள். வாடகை பேசுகிறவர் ஒரு பங்காளியாக இருப்பார். மற்றப் பங்காளிகள் எழுத்தில் சம்மதிக்கவில்லை என்றால் நாளை ஒருவர் வந்து ‘எங்களைக் கேட்டார்களா’ என்பார். அடுத்தது விசேஷம். கல்யாணம், சாந்தி (அறுபதாம் கல்யாணம்), படைப்பு (முன்னோர் வழிபாடு) என்றால் எல்லாப் பங்காளிகளும் அதே வீட்டில்தான் இறங்குவார்கள். வளவும் (நடுமுற்றத்தைச் சுற்றிய கட்டு) முகப்பும் அந்த நாட்களில் உங்களுடையதல்ல. வருஷத்துக்கு எத்தனை நாள், எத்தனை வாரம் முன்னதாகச் சொல்வார்கள், உங்கள் அறையைப் பூட்டிவைக்கலாமா என்ற மூன்றையும் ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள். பெரும்பாலான சண்டை இதில்தான் வருகிறது.

கழிப்பறை பின்கட்டில் இருக்கும். படுக்கும் அறையிலிருந்து அங்கே ராத்திரியில் நடக்கும் தூரத்தை ஒருமுறை நடந்து பாருங்கள். சுவர்கள் தடிமனானவை. வளவில் வைத்த வைஃபை உள்ளறைக்குள் எட்டாது, கட்டுக்கு ஒன்றாக லேன் கம்பி இழுத்துத் தனி ரூட்டர் வைக்க வேண்டும். அதற்காகச் சுண்ணாம்புப் பூச்சில் துளை போடாதீர்கள், பொக்கையாகப் பெயர்ந்துவிடும், பழையபடி பூச ஆள் கிடைப்பது கஷ்டம். கதவுநிலைக்கு மேலே உள்ள இடைவெளி வழியாகக் கம்பியைக் கொண்டுபோகலாம். தளத்தை ஆசிட் ஊற்றிக் கழுவவே கூடாது. ஆத்தங்குடிக் கல் சிமென்டில் செய்தது, ஆசிட் பட்டால் வண்ணம் அரித்துப்போகும்.

கேள்வி: வயது 24, கல்யாணமாகவில்லை. தேவகோட்டையில் வேலை. பேச்சலர் என்றதும் கதவைச் சாத்துகிறார்கள். முன்பணமும் பத்து மாத வாடகை கேட்கிறார்கள்.
– வாசகர், திருச்சி

பதில்: இணையதளங்களில் தேடாதீர்கள். இங்கே வீடு வாய்வழியாகத்தான் காலியாகிறது. அலுவலகத்தில் உள்ளூர்க்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், பாதிக் கதவு திறக்கும். வீட்டுக்காரர் கீழேயே குடியிருக்கும் மாடி போர்ஷன், வெளிப்படிக்கட்டுடன் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். இரவு எத்தனை மணிவரை நண்பர்கள் வரலாம், அசைவம் சமைக்கலாமா என்பதை முதல் நாளே பேசிவிடுங்கள்.

முன்பணம் பற்றி: 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகையைத்தான் அளவாக வைத்திருக்கிறது. ஆனால் அதைவிட அதிகமாக எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால் அந்த ஒப்பந்தமே பேசும். பேரமெல்லாம் கையெழுத்துக்கு முன்னால்தான். மின்சார மீட்டர் தனியா என்றும் கேளுங்கள். இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பது மீட்டருக்குத்தான். பொது மீட்டரில் எல்லாம் சேர்ந்து 500 யூனிட்டைத் தாண்டினால் தொடக்க யூனிட்டுகளுக்கான குறைந்த விலையே ஏறிவிடும், அந்தச் சுமை உங்கள் தலையிலும் விழும்.

தேவகோட்டையில் தெரு சரியாக அமையவில்லை என்றால் காரைக்குடியில் தங்கிப் போய் வரலாம், சுமார் 18 கிலோமீட்டர். வேலை முடிந்து திரும்பும் கடைசிப் பஸ் எத்தனை மணிக்கு என்பதை மட்டும் பஸ் நிலையத்து நேரக்காப்பாளரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். செல்போனில் காட்டும் நேரத்தை நம்ப வேண்டாம்.

கேள்வி: வீடு அமைந்துவிட்டது. பழகுவதற்கு ஆள் பிடிப்பது எப்படி?
– வாசகி, காரைக்குடிக்குப் புதியவர்

பதில்: மின்வேதியியல் ஆய்வக வளாகத்துக்குள் நினைத்தபடி நுழைய முடியாது. அங்குள்ளவர்களை வெளியே, மாலையில் பூப்பந்து ஆடும் இடங்களில்தான் பிடிக்க வேண்டும். மாதக் கட்டணம் கட்டுவதற்கு முன் ஒரு வாரம் நாள் கணக்கில் காசு கொடுத்து ஆடிப் பாருங்கள். ஐந்து மணிக் கூட்டமும் ஏழு மணிக் கூட்டமும் ஒன்றல்ல, வேலைக்குப் போகிறவர்கள் ஏழுக்கு மேல்தான் வருவார்கள். இலக்கியப் பேச்சுக் கேட்பதில் விருப்பம் இருந்தால், 1939-இல் சா. கணேசன் தொடங்கிய கம்பன் கழகத்தின் பங்குனி விழாவுக்குப் போங்கள். வயதானவர்கள் கூட்டம் என்று நினைப்பீர்கள், கல்லூரிப் பிள்ளைகளும் வருவார்கள். தெருவில் ஆச்சி ஒருவரை மட்டும் தவறாமல் பழக்கம் பிடித்துக்கொள்ளுங்கள். அடுத்த வீட்டு மாடிக்கு யார் குடிவரப் போகிறார்கள் என்பது அவருக்குத்தான் முதலில் தெரியும்.