விற்ற காரின் பணம் எங்கே போகிறது?

கேள்வி: ஸ்காபரோவில் வசிக்கிறேன். மச்சானின் யோசனைப்படி, வீட்டின் மீது எடுத்த லைன் ஒஃப் கிரெடிட்டில் (கட்டிய பணத்தை வரம்புக்குள் மீண்டும் எடுக்கக்கூடிய வங்கிக் கடன்) ஜப்பானிலிருந்து தொண்ணூறுகளின் ஸ்போர்ட்ஸ் கார்களை இறக்கி விற்கிறேன். 27,000 டொலருக்கு எடுத்த நிசான் ஸ்கைலைனை ஒன்றரை ஆண்டுக்குப் பின் 34,000க்கு விற்றேன். இப்போது மஸ்தா ஆர்எக்ஸ்-7, டொயோட்டா சூப்ரா, எம்ஆர்2 என மூன்று கார்கள் நிற்கின்றன. லாபம் வந்தும் கடன் 95,000க்குக் கீழே இறங்கவில்லை. வட்டி 7 சதவீதம். ஒரு காருக்கு மாதம் கராஜ் வாடகை 150, காப்புறுதி 60. மச்சான் இன்னொன்றை இறக்கச் சொல்கிறார். செய்யலாமா?

பதில்: வேண்டாம். கார்களைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித்தர ஒன்றுமில்லை. உங்களைக் கெடுப்பது, விற்ற பணத்தைக் கடனில் போடாமல் அடுத்த காரில் போடும் பழக்கம்.

ஸ்கைலைனில் 7,000 டொலர் கிடைத்ததாக எழுதுகிறீர்கள். பதினெட்டு மாத வட்டி ஏறத்தாழ 2,835, கராஜுக்கு 2,700, காப்புறுதிக்கு 1,080. ஆக 6,615 போனால் மிஞ்சுவது 385 டொலர். அதிலேதான் டயரும் பாதுகாப்புச் சான்றிதழும் அடங்கவேண்டும். இன்று நிற்கும் மூன்றுக்கும் வட்டி, வாடகை, காப்புறுதி எல்லாம் சேர்த்து மாதம் சுமார் 1,184, ஆண்டுக்கு 14,200 டொலர் போகிறது. அதாவது, இவற்றின் விலை ஆண்டுக்குப் பதினைந்து சதவீதம் ஏறினால்தான் நீங்கள் நின்ற இடத்திலாவது நிற்பீர்கள்.

அமெரிக்காவின் 25 ஆண்டு விதியால் விலை ஏறும் என்று மச்சான் சொல்லியிருப்பார். கனடாவில் 15 ஆண்டு கடந்த காரையே இறக்கலாம், அமெரிக்கர் 25 ஆண்டு காத்திருக்கவேண்டும், அந்த வயது வந்ததும் அவர்களும் வாங்க வருவார்கள் என்பது உண்மைதான். ஆனால் 1999இல் செய்த கார்கூட 2024உடன் அந்த வயதைக் கடந்துவிட்டதால், தொண்ணூறுகளின் கார்களுக்கு அந்தக் கதவு திறந்தாயிற்று, இனித் திறக்கப்போவதில்லை.

இன்னொன்றும் உண்டு. ஒன்ராறியோவில் விற்பதற்கென்றே கார் வாங்குபவர் வாகன விற்பனையை ஒழுங்குபடுத்தும் ஓம்விக் (OMVIC) அமைப்பில் பதிந்த விற்பனையாளராக இருக்கவேண்டும். அந்த லாபமும் வணிக வருமானமாகவே வரிக்கு உட்படும். பதிவு இல்லையென்றால், அடுத்த விளம்பரத்தைப் போடுவதற்கு முன் ஒரு கணக்காளரையும் சட்டத்தரணியையும் பார்த்துவிடுங்கள்.

அந்தப் பக்கம் சரியானதும் ஆர்எக்ஸ்-7ஐ முதலில் விற்பனைக்கு விடுங்கள். அதன் சுழல் எஞ்சினுக்கென்றே உள்ள கருவியால் கொம்பிரஷன் (உள்ளழுத்த) சோதனை செய்து, பிஸ்டனுக்குப் பதிலாக அதில் சுழலும் இரண்டு ரோட்டர்களின் ஆறு முகங்களுக்குமான எண்களையும் தாளில் வைத்திருந்தால், வாங்க வருபவர் எஞ்சினைக் காட்டி விலையை அடிக்க வழியிருக்காது. பணம் கைக்கு வந்த அன்றே கடனில் கட்டி, கட்டிய அளவுக்குக் கடன் வரம்பையும் குறைக்குமாறு வங்கிக்கு எழுத்தில் கொடுங்கள். வரம்பு அப்படியே கிடந்தால் மச்சானின் அடுத்த தொலைபேசி அழைப்பு அதைத் தேடி வரும். அடுத்தது சூப்ரா. எம்ஆர்2இல் மனம் ஒட்டிக்கொண்டிருந்தால், கடன் 20,000க்குக் கீழே வந்த பிறகு அதைப் பற்றி எனக்கு மீண்டும் எழுதுங்கள். மச்சானுக்கு உண்மையாகவே நம்பிக்கை இருந்தால், அடுத்த காரை அவர் தம் வீட்டின் மீது கடன் எடுத்து இறக்கட்டும்.