மருத்துவமனைக் கணக்கை மாவட்டக் கணக்காக எழுதலாமா?

எழுதக் கூடாது. உங்கள் மருத்துவமனையின் புற்றுநோய்ப் பதிவேட்டில் மகளிர் புற்றுநோய்களில் பாதிக்கு மேல் கருப்பை வாய்ப் புற்று என்பதால் மாவட்டத்திலும் அப்படித்தான் என்று ஆய்வேட்டில் சொல்ல முடியாது. அது உங்களிடம் வந்து சேர்ந்தவர்களின் கணக்கு மட்டுமே.

அந்தப் பங்கு இவ்வளவு உயரக் காரணம் பெரும்பாலும் உங்கள் கதிர்வீச்சுப் பிரிவுதான். கருப்பை வாய்ப் புற்று முற்றிய நிலையில் தெரியவந்தால் கதிர்வீச்சும் சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்தும்தான் முதன்மைச் சிகிச்சை. இயந்திரம் இருக்கும் இடத்துக்கு அக்கம்பக்கத்து மாவட்டங்களும் அனுப்பிவைக்கும். சினைப்பைப் புற்றோ வேறிடத்தில் அறுவையோடு நின்றுவிடலாம். உங்கள் ஏட்டில் ஏறாது.

செய்து பாருங்கள்:

1. அஞ்சல் குறியீட்டை வைத்து உங்கள் மாவட்டத்தாரை மட்டும் பிரித்து எண்ணுங்கள்.

2. ஒருவரே இருமுறை பதிவாகியிருக்கிறாரா என்று பாருங்கள். வயது, ஊர், கணவர் பெயர் மூன்றையும் ஒப்பிடுங்கள். நான் புரட்டிய ஓர் ஏட்டில் லட்சுமி, லெட்சுமி, லக்ஷ்மி மூவரும் ஒரே அம்மாள்!

3. வெறுமனே 'கருப்பைப் புற்று' என்று எழுதி சி55-இல் (கருப்பையின் எந்தப் பகுதி என்று குறிக்காத புற்றுக்கான பன்னாட்டு நோய்க் குறியீடு) தள்ளியவற்றுக்குத் திசு அறிக்கையை எடுங்கள். செதிள் செல் (தட்டையான மேற்பரப்புச் செல்) வகை என்றிருந்தால் அது பெரும்பாலும் கருப்பை வாய், அதாவது சி53. இந்த வேலை சலிப்பூட்டும். ஆனால் விகிதம் மாறுவது இங்கேதான்.

இவ்வளவு செய்தாலும் அது நோய் நிகழ்வு வீதம், அதாவது மக்களில் இத்தனை பேருக்கு ஆண்டில் இத்தனை புதிய நோயாளிகள் என்ற கணக்கு, ஆகாது. அதற்கு மக்கள்தொகையால் வகுக்க வேண்டும். சென்னையில் 1982 முதல் நடக்கும் மக்கள்தொகை சார்ந்த பதிவேடு (ஒரு பகுதியில் வாழ்வோரின் புற்றுநோய்களை எல்லாம் பதிவது) போன்றவை அதற்காகத்தான் இருக்கின்றன. உங்கள் தலைப்பில் 'மருத்துவமனை சார்ந்த' என்ற சொல்லைச் சேர்த்துவிடுங்கள்.