பழைய அமல் கார்புரேட்டரில் பெட்ரோல் ஒழுகுகிறது, ஊசியை மாற்றியும் நிற்கவில்லை. காரணம் மிதவையா?

பெரும்பாலும் ஆம். 1950களின் முற்பகுதிவரை வந்த பல பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள்களில், அமல் நிறுவனக் கார்புரேட்டரின் மிதவைக் கிண்ணம் தனியாக இருக்கும். உள்ளே மெல்லிய பித்தளைத் தகட்டால் ஆன வெற்று மிதவை. அதில் மயிரிழை அளவு விரிசல் விழுந்தாலும் பெட்ரோல் புகுந்து கனத்துவிடும். கனத்த மிதவை தாழ்ந்தே கிடக்கும். அதனால் ஊசி பெட்ரோல் வரும் வழியை அடைக்காது.

கழற்றிக் காதருகே ஆட்டிப் பாருங்கள். ‘சளக்’ என்றால் ஓட்டை உறுதி. சத்தமில்லை என்பதற்காக நம்பிவிடாதீர்கள். நன்கு சூடான நீரில் முழுதாக அமிழ்த்துங்கள்: உள்ளிருக்கும் காற்று விரிந்து, ஓட்டை வழியே ஊசிமுனைக் குமிழிகளாக வரிசை கட்டி வரும். மிதவையின் மூடியும் சுவரும் சேரும் பற்றவைப்பில்தான் வழக்கமாக ஓட்டை வரும். பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்துதான் பொறுமை வேண்டும். உள்ளே பெட்ரோலோ அதன் ஆவியோ துளியும் இருக்கும்போது சூடு வைத்தால் வெடிக்கும். சிறு துளையிட்டு, வடித்து, திறந்த வெளியில் நாள்கணக்கில் உலரவிடுங்கள். பிறகு விரிசலில் ஈயம் வையுங்கள். அந்தத் துளையைக் கடைசியில், மிதவை ஆறிய பின் அடையுங்கள். இல்லாவிட்டால் சூடான காற்று ஈயத்தைத் துளைத்துக்கொண்டு வெளியேறும்.

ஈயத்தை அள்ளிப் பூசாதீர்கள். அந்தக் கூடுதல் எடையே மீண்டும் ஒழுகவைக்கும். என்னைக் கேட்டால், இரண்டு இடத்துக்கு மேல் விரிசல் இருந்தால் புதிய மிதவையே மேல்.