மாலை வகுப்பில் படித்து வக்கீல் ஆகலாமா?

கேள்வி: மண்டபத்தில் ஐஸ் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். பி.காம். படித்தவன். ராமநாதபுரம் பக்கம் புதிதாக ஒரு தனியார் சட்டப் பள்ளி திறந்திருக்கிறார்கள். மாலை 6.30 முதல் 9 வரை, வாரம் ஐந்து நாள் வகுப்பு. வேலையை விடாமலே மூன்று வருடத்தில் எல்.எல்.பி. என்கிறார்கள். 'பார் கவுன்சில் அங்கீகாரம் விரைவில்' என்று நோட்டீஸில் இருக்கிறது. சேரலாமா?
- ஒரு வாசகர், மண்டபம்

பதில்: சேராதீர்கள். முன்பணம் கட்டியிருந்தால் ரசீதோடு போய்த் திருப்பிக் கேளுங்கள்.

சட்டப் படிப்புக்கு விதி வகுக்கும் இந்திய பார் கவுன்சிலின் 2008-ஆம் ஆண்டு சட்டக் கல்வி விதிகளின்படி, வகுப்புகள் காலை 8 மணிக்கும் மாலை 7 மணிக்கும் இடையில்தான் நடக்க வேண்டும். வாரத்துக்கு 30 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. வருகை 70 சதவீதம் வேண்டும். நீங்கள் கணக்கு எழுதுகிறவர், போட்டுப் பாருங்கள். அவர்கள் சொல்லும் நேரம் வாரத்துக்கு 12½ மணிதான். அதிலும் 7 மணிக்கு முன் நடப்பது தினமும் அரை மணி நேரம். இந்த அட்டவணைக்கு அங்கீகாரம் எங்கிருந்து வரும்? அங்கீகாரம் இல்லாத இடத்தில் வாங்கிய பட்டத்தை வைத்து வக்கீலாகப் பதிவு செய்ய முடியாது. மூன்று வருட உழைப்பும் பணமும் போனது போனதுதான்.

ஆனால் உங்கள் ஆசை நியாயமானது. இந்தக் கரையில் சட்டம் தெரிந்த ஆள் எவ்வளவு தேவை என்பது உங்களுக்கே தெரியும். இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போன மீனவர் அந்த நாட்டு ஊர்காவற்றுறை கோர்ட்டில் விடுதலையாகி வருகிறார். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். பல சமயம் அது ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை. கோர்ட் குறித்த காலத்துக்குள் மறுபடி பிடிபட்டால் உள்ளே இருக்க வேண்டியதுதான். இதை அவருக்குப் புரியும்படி எடுத்துச் சொல்ல ஊரில் ஒருவர் வேண்டாமா? படகு விஷயமும் அப்படித்தான். உரிமையாளர் பதிவுச் சான்றோடு அங்கே கோர்ட்டில் நேரில் நிற்காவிட்டால் படகு அரசுடைமையாகிவிடும். மன்னார் வளைகுடாத் தீவுகளில் கடல்பாசி எடுக்கும் பெண்கள் இன்னொரு பக்கம். அங்குள்ள கடல் தேசியப் பூங்காவின் எல்லை எது, வனத்துறை எதற்கு வழக்குப் போடலாம், எதற்குப் போட முடியாது என்று அவர்களுக்கு யாரும் உட்கார்ந்து சொன்னதில்லை.

அதனால் பார் கவுன்சிலிடமும் எங்களுக்குக் கோபம் உண்டு. பகலில் வேலை பார்த்து, மாலையில் சட்டம் படித்து வக்கீலானவர்கள் முன்பு நிறைய இருந்தார்கள். இன்று மூன்று வருடம் சம்பளமில்லாமல் இருக்க முடிகிறவருக்குத்தான் கதவு திறக்கிறது. வகுப்பு மணிநேரத்தைக் குறைக்க வேண்டாம். மாலையில் நடத்தி, வருடத்தைக் கூட்டட்டுமே. உழைக்கிற வீட்டுப் பிள்ளைகள் வருவார்கள். ஆனால் விதி மாறுகிற வரைக்கும் அந்த ஆசையைக் காட்டிக் காசு வாங்க யாருக்கும் உரிமை இல்லை. சட்டம் சொல்லித்தருகிறவர்களே சட்டத்தை மறைப்பது பெரிய தப்பு.

அந்தப் பள்ளியை நடத்துகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பட்டம் என்ற பேச்சை விட்டுவிட்டு, மீனவர்களுக்கும் பாசி எடுக்கும் பெண்களுக்கும் மாலையில் சட்டம் சொல்லிக்கொடுங்கள். சொற்பக் கட்டணம் வாங்கினாலும் தப்பில்லை. நாங்களே ஆள் அனுப்புகிறோம்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? ராமநாதபுரத்திலேயே அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. கட்டணம் குறைவு, பட்டம் செல்லும். ஆனால் அது பகல் வகுப்பு. வீட்டில் கலந்து பேசிவிட்டு முடிவெடுங்கள். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: பட்டம் வாங்கினாலும் முழுநேரச் சம்பள வேலையில் இருந்துகொண்டு வக்கீல் தொழில் செய்ய விதி இடம் கொடுக்காது. வேலையை விட முடியாது என்றால், மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் சட்டத் தன்னார்வலராகச் சேர முடியுமா என்று கேளுங்கள். அதற்குச் சட்டப் பட்டம் தேவையில்லை, பயிற்சி அவர்களே கொடுப்பார்கள். ஆணைக்குழு அலுவலகம் ராமநாதபுரம் கோர்ட் வளாகத்தில் இருக்கிறது; இலவச சட்ட உதவிக்கான எண் 15100.