நாலு வரி பேட்ச்தானே? நேண்ட் டிரைவர் ரிவ்யூ: கேள்வி பதில்

பேச எடுத்துக்கொண்ட பேட்ச் இதுதான். லினக்ஸில் ஒரு நேண்ட் (ஃபிளாஷ் நினைவக சிப்) கன்ட்ரோலர் டிரைவர், சிப்பில் ஒரு பிளாக்கை, அதாவது ஒரே தடவையில் அழிக்கப்படும் பகுதியை, அழிக்கச் சொல்லிவிட்டு, சிப் முடித்துவிட்டதா என்று 10 மில்லி செகண்ட் வரை லூப் போட்டுப் பார்க்கிறது. சில போர்டுகளில் எப்போதாவது டைம் அவுட் வருகிறது. பேட்ச் (கோடில் செய்யும் திருத்தம்) போட்டவர் 10-ஐ 1000 ஆக்கியிருக்கிறார். கமிட் மெசேஜ், அதாவது திருத்தத்தோடு எழுதும் விளக்கம், ஒரே வரி: ‘டைம் அவுட் சரிசெய்யப்பட்டது.’

கேள்வி: எண்ணை மாற்றியதும் எரர் நின்றுவிட்டதே அண்ணா, அப்புறம் ரிவ்யூ பண்ண என்ன இருக்கிறது?

எரர் ஏன் வந்தது என்று எங்கேயும் சொல்லவில்லையே. எஸ்எல்சி (ஒரு செல்லில் ஒரே பிட் வைக்கும்) நேண்டில் ஒரு பிளாக்கை அழிக்கப் பொதுவாக 2 மில்லி செகண்ட் போல ஆகும். 2-இல் முடிகிற வேலை எப்படி 10-ஐத் தாண்டும்?

கெர்னல் கான்ஃபிகைப் பாருங்கள். டிக் விகிதம், அதாவது கெர்னலின் கடிகாரம் நொடிக்கு எத்தனை முறை துடிக்கிறது என்பது, 100 என்றால் ஒரு ஜிஃபியே (இரண்டு டிக்குக்கு இடைப்பட்ட நேரம்) 10 மில்லி செகண்ட். ஆக, டிரைவர் காத்திருப்பது சரியாக ஒரே ஒரு ஜிஃபி. அடுத்த டிக் வர அரை மில்லி செகண்ட் இருக்கும்போது லூப் ஆரம்பித்தால், அரை மில்லி செகண்டிலேயே ‘நேரம் முடிந்தது’ என்று கிளம்பிவிடும். பாவம், சிப்பின் மேல் தப்பே இல்லை. நேண்ட் கோர் கோடில், ரெடி ஆகிறதா என்று சாஃப்ட்வேரிலேயே பார்க்கும் ஃபங்ஷன், ஜிஃபிக் கணக்கோடு ஒன்றைக் கூட்டி வைத்திருப்பது இதற்காகத்தான்.

கேள்வி: எங்கள் போர்டில் டிக் 1000. அங்கேயும் வருகிறதே?

நல்ல கேள்வி. அப்படியானால் லூப்பின் வரிசையைப் பாருங்கள். ஸ்டேட்டஸைப் படி, ரெடி இல்லையென்றால் நேரத்தைப் பார், நேரம் போய்விட்டால் எரர். ஸ்டேட்டஸைப் படித்ததற்கும் நேரத்தைப் பார்ப்பதற்கும் நடுவில் கெர்னல் வேறு டாஸ்க்குக்குப் போய், 15 மில்லி செகண்ட் கழித்துத் திரும்பி வந்தால்? சிப் எப்போதோ முடித்திருக்கும். டிரைவரோ பழைய ஸ்டேட்டஸை நம்பிக்கொண்டு எரர் கொடுக்கும். சிஸ்டத்தில் லோடு ஏறும்போது மட்டும் வருகிறது என்றால் முதலில் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

நேரம் முடிந்த பிறகு ஸ்டேட்டஸை இன்னொரு முறை படித்துவிட்டுத் தீர்ப்புச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ரெஜிஸ்டரைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்ப்பதற்கென்று கெர்னலில் இருக்கும் ரெடிமேட் மேக்ரோக்கள் கடைசியாக ஒரு முறை படித்துவிட்டுத்தான் கை விடும். அதைப் போட்டால் கையால் எழுதிய லூப்பே தேவையில்லை. 1000 என்று வைத்தாலும் ஓட்டை அப்படியே இருக்கும், கண்ணில் படுவது மட்டும் அபூர்வமாகும்.

கேள்வி: ஒரு பொய் டைம் அவுட்டால் அப்படி என்ன ஆகிவிடும்?

டிரைவருக்கு மேலே யூபிஐ (UBI, நேண்டின் பிளாக்குகளை நிர்வகிக்கும் கெர்னல் அடுக்கு) ஓடினால் நிறையவே ஆகும். அழிக்கும்போது எரர் வந்தால் அது சில முறை திரும்ப முயலும். அப்படியும் முடியாமல் ஈஐஓ (EIO, படிக்க-எழுத முடியவில்லை என்ற எரர் கோடு) வந்தால், பிளாக் கெட்டுவிட்டது என்று குறித்துவிடும். நல்ல பிளாக் ஒன்று வீண். டைம் அவுட் எரரே நேராக மேலே போனால் அதைவிட மோசம்: என்ன செய்வதென்று தெரியாமல் யூபிஐ முழுவதையும் ‘படிக்க மட்டும்’ நிலைக்குத் தள்ளிவிடும். அதனால் இந்த மாதிரி பேட்ச்சில் எண்ணைவிட, எந்த எரர் கோடு மேலே போகிறது என்பதைத்தான் நான் அதிக நேரம் பார்ப்பேன்.

கேள்வி: லூப்பில் சும்மா சுற்றுவதற்குப் பதில் ஸ்லீப் போடலாமா சார்?

அழிக்கும் வழியில் போடலாம், போடவும் வேண்டும். ஆனால் அதே ஃபங்ஷனை வேறு யார் கூப்பிடுகிறார்கள் என்று கோடு முழுவதும் ஒரு கிரெப் (தேடல்) அடித்துப் பாருங்கள். கெர்னல் பேனிக் ஆகும்போது (மீள முடியாத கோளாறில் நிற்கும்போது) கடைசி லாகை ஃபிளாஷில் எழுதுவதற்கென்று தனி வழி உண்டு. அங்கே தூங்க முடியாது. இன்டரப்டையும் நம்ப முடியாது.

கேள்வி: என்னிடம் அந்த போர்டு இல்லை. ரிவ்யூ பண்ணலாமா?

தாராளமாக. மேலே சொன்ன இரண்டு கோளாறும் கோடைப் படித்தாலே தெரிபவை. நேண்ட்சிம் வைத்துச் சோதித்தேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அது ரேமில் ஒரு நேண்டைப் பாவனை செய்வது. மேலடுக்குகளைச் சோதிக்க நல்லது, ஆனால் இந்த கன்ட்ரோலர் டிரைவரின் ஒரு வரிகூட அதில் ஓடாது.

கேள்வி: செக்பேட்ச் (பேட்ச்சின் எழுத்து நடையைச் சரிபார்க்கும் ஸ்கிரிப்ட்) எச்சரிக்கை வந்தால் திருப்பி அனுப்பலாமா?

அதை மட்டும் காரணமாக வைத்து வேண்டாம். லாஜிக் சரியானபின் பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: சார், அந்த பேட்ச் போட்டவன் நான்தான். அடுத்த வெர்ஷனில் என்ன மாற்றட்டும்?

வாங்க. இரண்டு கோளாறுக்கு இரண்டு பேட்ச்சாகப் பிரியுங்கள். கமிட் மெசேஜில் எந்த போர்டு, டிக் எவ்வளவு, எந்த லோடில் வந்தது, லாகில் வந்த வரி என்ன என்று எழுதுங்கள். கோளாறு எந்தக் கமிட்டில் நுழைந்தது என்று கிட் பிளேமில் (எந்த வரி எந்தக் கமிட்டில் வந்தது என்று காட்டும் கட்டளை) தேடி, அதன் ஹாஷில் (கமிட்டின் அடையாள எண்) முதல் 12 எழுத்தை ‘Fixes:’ வரியில் போடுங்கள்; ஸ்டேபிள் மரங்களுக்கும், அதாவது ஏற்கெனவே வெளியான கெர்னல் பதிப்புகளுக்கும், போகவேண்டிய திருத்தம் இது. முந்தைய வெர்ஷனிலிருந்து என்ன மாறியது என்பதை கமிட் மெசேஜின் முடிவில் வரும் மூன்று சிறு கோடுகளுக்குக் (---) கீழே எழுதினால் கிட் வரலாற்றில் ஏறாது. 1000 தேவையா என்றால், சிப்பின் டேட்டாஷீட்டில் இருக்கும் அதிகபட்ச அழிப்பு நேரத்தைப் பார்த்துவிட்டு ஒரு எண் சொல்லுங்கள், பேசுவோம்.