நடைபாதைக் கம்பங்களால் சக்கர நாற்காலி போக வழியில்லை: முதலில் செய்ய வேண்டியது

சென்னையில் உங்கள் தெருமுனையில் புது நடைபாதை போட்டு, பைக் ஏறாமலிருக்க நெருக்கமாகக் கம்பங்களும் நட்டுவிட்டதால் அப்பாவைச் சக்கர நாற்காலியில் வண்டிகளுக்கு நடுவே தள்ளிப் போக வேண்டியிருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். படிக்கவே கோபம் வருகிறது, ஏனென்றால் இது பணப் பிரச்சினையே இல்லை, வரைபடம் போடும்போதே அளவு பார்க்காததுதான்.

டேப் எடுத்துப்போய் அளந்து படம் எடுங்கள். கம்பங்களுக்கு இடையே குறைந்தது 90 செ.மீ. வேண்டும், 1.2 மீட்டர் இருந்தால் நல்லது. சாய்தளம் 1:12, அதாவது 15 செ.மீ. உயர நடைபாதைக்கு 1.8 மீட்டர் நீளச் சரிவு. நடக்கும் அகலமும் 1.8 மீட்டர் தடையில்லாமல் இருக்க வேண்டும் என்று சாலைகளுக்கான தரநிலைகளை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் ஐஆர்சி 103 என்ற நடைபாதை வழிகாட்டி சொல்கிறது, மின்பெட்டியும் மரமும் அதற்கு வெளியேதான் வர வேண்டும்.

அப்புறம் அந்தச் சாலை யாருடையது என்று கேளுங்கள். பேருந்து போகிற சாலை என்றால் மாநகராட்சியில் அதற்கென்று தனித் துறை, உட்தெரு என்றால் மண்டல அலுவலகம், சிலது நெடுஞ்சாலைத் துறை. தவறான இடத்தில் கொடுத்தால் மனு சுற்றிக்கொண்டே இருக்கும். மனுவில் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் சாலையும் போக்குவரத்தும் மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்தும்படி இருக்க வேண்டும் என்கிற 41ஆம் பிரிவைக் குறிப்பிடுங்கள், 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமும் நடைபாதை உரிமையை வாழ்வுரிமையின் பகுதி என்று சொல்லியிருக்கிறது. பதில் வராவிட்டால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் போகலாம்.

வேலை இன்னும் நடக்கிறது என்றால் இன்றே பொறியாளரைப் பாருங்கள், ஒப்பந்ததாரர் பில் வாங்கிப் போன பிறகு ஒரு கம்பத்தைப் பிடுங்குவது கூடப் பெரும்பாடு.