கியூபிச ஸ்டில் லைஃப் என்றால் என்ன? அதன் பிரிண்டை வீட்டில் எப்படி மாட்டுவது?

மேசைமேல் இருக்கும் பாட்டில், கோப்பை, வயலின் போன்றவற்றைப் பல கோணங்களில் பார்த்து, அத்தனை பார்வைகளையும் ஒரே பரப்பில் வரைவதுதான் கியூபிச ஸ்டில் லைஃப். பாரிசில் ஓவியர்கள் பிக்காசோவும் பிராக்கும் 1914 வரை சேர்ந்து வளர்த்த பாணி. ஓரிடத்தில் நின்று பார்த்தால் பொருளின் ஒரு பக்கம்தான் தெரியும். நகர்ந்து பார்த்தால்தான் முழுதாகப் பிடிபடும். வீட்டு பிளானையும் எலிவேஷனையும் ஒரே தாளில் ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்ததைப் போல. பிராக்கின் 1910 வயலின் படங்களில் முதலில் கம்பிகளையும் வளைந்த ஒலித்துளைகளையும் தேடுங்கள். மற்றவை தானே விளங்கும்.

1910–12 காலப் படங்கள் பெரும்பாலும் பழுப்பும் சாம்பலும்தான். மஞ்சள் பல்பில் சாம்பல் நிறமே செத்துவிடும். நிறத்துல்லியம் (பெட்டியில் CRI என்றிருக்கும்) 90க்கு மேலுள்ள, 3000–4000 கெல்வின் எல்இடி போடுங்கள். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 145–150 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். ஃபிரேம் போடுபவரிடம் பிரிண்டின் மேல்விளிம்பை மட்டும் அட்டையில் ஒட்டச் சொல்லுங்கள். நான்கு பக்கமும் ஒட்டினால் ஈரப்பதத்தில் விரியும் தாளுக்குப் போக்கிடமின்றி அலையலையாகப் புடைக்கும். வெயில் நேரே விழும் சுவர் வேண்டவே வேண்டாம், சாயம் வெளுத்துவிடும்.

பலர் நினைப்பதுபோல இவை பொருளே இல்லாத வெறும் வடிவங்கள் அல்ல. மேசையும் பாட்டிலும் உள்ளேயே இருக்கின்றன, அதனால் தலைகீழாக மாட்டினால் படம் கெட்டுவிடும்.